உப்புக்காற்றில் ஒரு பெட்டி மட்டக்குதிரைக் கதைகள்

கேள்வி: பாம்பன் தாத்தா

அன்பர்களுக்கு வணக்கம். நான் பாம்பனில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். கொழும்பில் நெடுங்காலம் கடை வைத்திருந்த என் பெரியப்பாவின் பழைய வீட்டை இடிப்பதற்கு முன், சென்ற மாதம் அதன் பரணைக் காலி செய்தோம். அங்கே ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. திறந்ததும் கற்பூர வாசமும் செல் அரித்த மண்ணும் சேர்ந்தே வந்தன. மேலாக இருந்த 4 நூல்கள் எடுத்த கையிலேயே உதிர்ந்துபோயின. அவற்றுக்கு அடியில் 23 நூல்கள் தப்பியிருந்தன. அத்தனையும் பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கதைகள், அத்தனையிலும் அட்டையில் ஒரு குதிரை. கொழும்பில் ஆங்கிலப் பள்ளியில் படித்த என் பெரியப்பா மகள், 1950களில் பரிசாகப் பெற்றும் கைக்காசில் வாங்கியும் சேர்த்தவை அவை. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயில் ரயிலில் வந்த பெட்டி அது என்பதற்கு, மூடியின் உட்புறத்தில் பாதி கிழிந்த சுங்கச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா இப்போது இல்லை. என் பேத்திக்குப் பத்து வயது. பெட்டியை விட்டு நகர மறுக்கிறாள். இரவுதோறும் ஒரு அத்தியாயத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்லிவருகிறேன். முதலில் எடுத்தது ஜோனா கேனன் எழுதி 1936இல் வெளிவந்த 'எ போனி ஃபார் ஜீன்'. அதில் ஜீனுக்குக் கிடைக்கும் மட்டக்குதிரை எலும்பும் தோலுமாக இருப்பதால், உறவுப் பிள்ளைகள் அதை 'டோஸ்ட்ராக்' என்று அழைக்கிறார்கள். வாட்டிய ரொட்டித் துண்டுகளைச் செருகி நிறுத்தும் கம்பித் தாங்கிக்கு அந்தப் பெயர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், "நம்ம மீன் கூடு மாதிரி விலா எலும்பு தெரியுமா தாத்தா?" என்று அவள் கேட்டுவிட்டாள். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்கு அகப்படவில்லை.

இந்த நூல்கள் பாதுகாக்கத் தக்கவைதாமா, எந்த வரிசையில் படித்துக்காட்டுவது, கடலை ஒட்டிய வீட்டில் இவற்றை எப்படிக் காப்பது என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். சேணம், கடிவாளம், லாடம் வரை எனக்குத் தமிழ் கைகொடுக்கிறது. அதற்கு மேல் வரும் வார்களுக்கும் வளையங்களுக்கும் சொல் தெரியாமல் கையால் காட்டிச் சமாளிக்கிறேன்.

பதில் 1: கீழக்கரை வாசகி

ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்கள் பெட்டியைப் பற்றிப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. நான் 18 ஆண்டுகளாக இந்த வகை நூல்களைச் சேர்த்துவருகிறேன். மதுரையிலும் சென்னையிலும் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவையும், கொடைக்கானல் பக்கம் எஸ்டேட் வீடுகள் காலியாகும்போது மூட்டையாக வாங்கியவையும்தான் என்னிடம் அதிகம்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்காத கேள்வி அது. முதற்பதிப்பாகவும் தாள் மேலுறை கிழியாமலும் இருந்தால்தான் இந்த நூல்களுக்கு நல்ல விலை உண்டு. மேலுறை இல்லாதது பெரும்பாலும் படிப்பதற்கான பிரதி மட்டுமே. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் திருப்பி, முதல் வெளியீட்டு ஆண்டுக்குக் கீழே மறுபதிப்பு ஆண்டுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பரிசுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தால் வணிகர் விலையைக் குறைப்பார். உங்கள் வீட்டுக்கு அதுதான் பொக்கிஷம் என்பதால் அதைத் தயவுசெய்து உரிக்க வேண்டாம். 1940களில் அச்சானவை கையில் எடுத்தால் லேசாகவும் பழுப்பாகவும் இருக்கும். போர்க்காலத்தில் பிரிட்டனில் தாளுக்குப் பங்கீடு இருந்ததால் கிடைத்த மட்டமான தாளில் அச்சிட்டார்கள். அவற்றை முழுக்க விரித்து மல்லாத்தினால் முதுகு பிளந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: பின்னாளில் வந்த மலிவுப் பேப்பர்பேக்குகளில், குறிப்பாக ஆர்மடா வெளியிட்டவற்றில், சில கதைகள் சுருக்கப்பட்டவை. அட்டை அழகாக இருக்கிறது என்று அவற்றை எடுத்துக்கொண்டு கெட்டி அட்டைப் பிரதியைக் கழித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, கதையின் நடுவே ஒரு மழை நாள் முழுவதுமாகக் காணாமல் போயிருப்பதைப் பிறகுதான் கண்டேன்.

வரிசையைப் பொறுத்தவரை, இந்த வகைக் கதை எப்படித் திரும்பியது என்பதைச் சொன்னால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஆன்னா சூவெல் 1877இல் எழுதிய 'பிளாக் பியூட்டி'யில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. அவர் அதைப் பிள்ளைகளை எண்ணி எழுதவில்லை. குதிரையோடு வேலை செய்பவர்கள் படித்து அதனிடம் இரக்கம் கொள்ள வேண்டும் என்றே எழுதினார். 1929இல் 'கோல்டன் கோர்ஸ்' என்ற புனைபெயரில் வந்த 'மூர்லேண்ட் மௌசி'யிலும் எக்ஸ்மூர் மட்டக்குதிரைதான் பேசுகிறது. 1936இல் வந்த உங்கள் ஜீன் கதையில் குதிரையின் வாய் மூடிக்கொள்கிறது. பிள்ளை பேசத் தொடங்குகிறாள். கேனனின் மகள்களான ஜோசஃபின், டயானா, கிறிஸ்டின் புல்லைன்-தாம்சன் சகோதரிகள் மூவரும், பிறகு 1949இல் ஜில் என்ற சிறுமியின் கதைகளைத் தொடங்கிய ரூபி ஃபெர்குசனும் நடந்தது அந்தத் தடத்தில்தான். ஜில் கதைகள் மொத்தம் 9.

குதிரை பேசாமல் போனதும் கதைக்குள் என்ன வந்தது என்பதைத்தான் நீங்கள் பேத்தியோடு கவனிக்க வேண்டும் என்பேன். வேலை வந்தது. லாயத்தைக் கூட்டுவது, குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கிளறி எடுப்பது, வியர்த்த குதிரையை உடனே தண்ணீருக்கு விடாமல் நடத்தி ஆற்றுவது, லாடக்காரனுக்குக் கொடுக்கக் காசு சேர்ப்பது. மேலோட்டமாகப் பார்த்தால் பந்தயத்தில் கோப்பை வெல்லும் கதைகளாகத் தோன்றும். ஆனால் கோப்பை இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும், பராமரிப்பு இருநூறு பக்கம் வரும். ஜில் விதவைத் தாயின் மகள். ஜீனின் தந்தை பணத்தை இழந்தவர். குதிரைக்கு வசதியில்லாதவர்கள் குதிரை வைத்திருப்பதுதான் இந்தக் கதைகளின் இழுவிசை.

தீவுப் பிள்ளைக்கு அடுத்ததாக நான் எடுத்துக் கொடுப்பது மார்கரீட் ஹென்றி 1947இல் எழுதிய 'மிஸ்டி ஆஃப் சிங்கோட்டீக்'. வெஸ்லி டென்னிஸ் வரைந்த படங்கள் உள்ள பிரதி உங்கள் பெட்டியில் இருந்தால் நீங்கள் அதிருஷ்டசாலி. அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையில் அசட்டீக், சிங்கோட்டீக் என்று அருகருகே இரண்டு தீவுகள். அசட்டீக்கில் தாமாகத் திரியும் மட்டக்குதிரைகளை ஆண்டுதோறும் ஜூலைக் கடைசிப் புதனன்று, நீரோட்டம் ஓய்ந்து நிற்கும் நேரம் பார்த்து, கால்வாயில் நீந்தவைத்து இக்கரை சேர்க்கிறார்கள். மறுநாள் குட்டிகள் ஏலம் போகும். பணம் ஊர்த் தீயணைப்புப் படைக்கு. நீரோட்டம் ஓயும் நேரம் என்றால் என்ன என்று பாம்பன் பிள்ளைக்கு விளக்க வேண்டியிராது.

ஒரு சிறு தகவலை மட்டும் கடைசி அத்தியாயம் முடியும்வரை பேத்தியிடம் சொல்லாதீர்கள். கதையில் மிஸ்டி காட்டுத் தீவிலிருந்து நீந்தி வரும் குட்டி. உண்மையான மிஸ்டியோ 1946இல் சிங்கோட்டீக்கில் பீபி குடும்பத்தின் பண்ணையிலேயே பிறந்தது. 1962 மார்ச்சில் பெரும்புயல் அந்தத் தீவைக் கடலுக்குள் முக்கியபோது, சினையாக இருந்த அந்த மிஸ்டியை வீட்டுச் சமையலறைக்குள் விட்டுக் காப்பாற்றினார்கள். அந்தப் புயலையும், அதன்பின் பிறந்த குட்டியையும் வைத்து ஹென்றி 1963இல் இன்னொரு கதை எழுதினார். நம் கரையில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவைக் கண்ட ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த நூலை அவரையும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதில் 2: தொண்டிக்காரன்

எல்லோரும் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நான் மட்டும் கசப்பைக் கலப்பதற்கு மன்னிக்க வேண்டும். இங்கிலாந்துக் கிராமத்துப் பிள்ளைகள் ஜோத்பூர் காற்சட்டை அணிந்து ஜிம்கானா என்னும் குதிரையேற்றப் போட்டிக்குப் போகும் கதையை, குதிரையைக் கண்ணால் பார்த்திராத நம் கடற்கரைப் பிள்ளைக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஆவுடையார்கோயில் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னில் மாணிக்கவாசகர் கோயில் கட்டியதும், நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போய் இரவில் மறுபடி நரிகளாகி லாயத்தில் ஊளையிட்டதும் எந்தப் பிள்ளையையும் கட்டிப்போடும் கதைகள். செஞ்சி தேசிங்குராஜனின் பாராசாரிக் குதிரையும் இருக்கிறது. சுங்கச் சீட்டோடு வந்த பெட்டி என்பதற்காக அதைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டுமா?

பதில் 3: ஜட்காக்காரர் மகன்

தொண்டி நண்பரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு, ஏனென்றால் என் தகப்பனார் இராமேஸ்வரத்தில் ரயிலடியிலிருந்து கோயில்வரை யாத்திரிகர்களை ஏற்றிச்சென்ற குதிரை வண்டிக்காரர்.

நரி பரியான கதையை என் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். அது இறைவனின் விளையாட்டைச் சொல்லும் கதை. அதில் குதிரை என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. பாராசாரியும் வீரத்தின் வாகனம். அய்யனார் கோயிலில் நாம் எடுக்கும் மண் குதிரைக்குக் கொள்ளு ஊறவைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் குதிரைக்கோ அம்மா முந்தின இரவே கொள்ளை ஊறவைப்பார். ஊறாத கொள்ளைப் போட்டு, அது வயிற்று வலியில் தரையில் புரண்ட ஓர் இரவை நான் பார்த்திருக்கிறேன். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தின்றது தவறென்றால் அதற்கு வெளியேறும் வழியில்லை. விடியும்வரை அப்பா அதைப் பிடித்துக்கொண்டு கோயில் மதிலோரமாக நடந்துகொண்டே இருந்தார், நான் அரிக்கேன் விளக்கோடு பின்னால் போனேன். அந்த இரவைப் பற்றி எழுதப்பட்ட கதையை நான் தமிழில் தேடிப் பார்த்தேன், என் கைக்கு அகப்படவில்லை. பின்னாளில் ஒரு நூலகத்தில் 'பிளாக் பியூட்டி'யைப் படித்தபோதுதான் எங்கள் வீடு அதில் இருந்தது. லண்டனில் வாடகை வண்டி ஓட்டும் ஜெர்ரி பார்க்கர் என்ற பாத்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் முகம்தான் வருகிறது.

அந்த நூலில் ஒரு வார் வருகிறது, பேத்திக்கு அதை விளக்க வேண்டியிருக்கும். குதிரை தலையைத் தாழ்த்த முடியாதபடி, கடிவாளத்திலிருந்து முதுகுச் சேணத்துக்கு இழுத்துக் கட்டும் வார் அது. கழுத்தை வளைத்துத் தலை நிமிர்ந்து நின்றால் பார்ப்பவருக்கு மிடுக்காகத் தெரியும் என்பதற்காகச் செல்வந்தர்கள் கட்டியது. மேட்டில் பாரம் இழுக்கும்போது தலையைத் தாழ்த்தினால்தான் குதிரைக்கு வலு வரும் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. அந்த வாருக்கு எதிரான கருத்து பரவ அந்த நூல் பெரிதும் உதவியது. சூவெல் அம்மையார் 14 வயதில் விழுந்து கணுக்கால் கெட்டு, வாழ்நாள் முழுவதும் குதிரை வண்டியை நம்பியே நடமாடியவர் என்பதால்தான் அவருக்கு இது கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். நூல் வெளிவந்த ஐந்தே மாதங்களில், 1878இல் அவர் இறந்துவிட்டார்.

நம் கரைக்கும் குதிரைக்கும் உறவில்லை என்றும் சொல்ல முடியாது. பாண்டியர் காலத்தில் கடல் வழியாக நம் கரைகளில் வந்திறங்கிய குதிரைகளுக்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக உடன்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார் என்றும் எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்கிறார். இங்கே குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் கொடுக்கிறார்கள், ஆகவே ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, வணிகர்களோ குதிரை வைத்தியர் எவரும் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் குறிப்பு. அவர் சொன்னதில் அயலாரின் மிகை இருக்கலாம். இருந்தாலும், குதிரைக்கு என்ன கொடுப்பது என்று இருநூறு பக்கம் பேசும் கதையைக் குதிரைகள் பட்டினியால் அல்ல, அறியாமையால் செத்த கரையில் ஒரு பிள்ளை படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, ஜிம்கானா என்ற சொல் இந்தியாவில் பிறந்து அங்கே போனது. ஜோத்பூர் காற்சட்டையின் ஊரை அதன் பெயரே சொல்கிறது. அவர்கள் நம்மிடம் வாங்கிப்போனதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொண்டி அண்ணே.

பதில் 4: ஓலைப்பெட்டி

நான் நூல் கட்டும் தொழில் செய்கிறேன், அதனால் காப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேலையாக, தப்பிய 23 நூல்களையும் மற்ற புத்தகங்களிடமிருந்து தள்ளி வையுங்கள். செல் இருந்த பெட்டியில் இராமபாணம் என்ற புத்தகப் பூச்சியும் இருக்கும். (இராமபாணத்துக்கு அஞ்சி வாழ்வது நம் தீவுக்காரர்களின் தலையெழுத்து போலும்.) ஒவ்வொரு நூலையும் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளின் மீதே ஈரம் படிந்துவிடும். மீன் வைக்கும் அறையாக இருந்தால் பையை இரண்டாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பேத்தியின் மட்டக்குதிரை சீலா மீனாக மணக்கும்.

வெயிலில் காயப்போடாதீர்கள். அட்டைத் துணியின் நிறம் ஒரே நண்பகலில் போய்விடும். நிழலில், காற்று மெல்ல வரும் இடத்தில், நூலை நிறுத்தி விசிறிபோல விரித்து வைத்தால் போதும். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும், பழுப்புப் பசை மட்டும் என்றைக்கும் போகாது. மேலுறைக்கு நிறமற்ற பாலியெஸ்டர் தாளில் உறையிடலாம். மெல்லிய நூல்களில் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுகொண்டிருந்தால், அதைப் பிடுங்கிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். எனக்கு இது அரை மணி நேர வேலை, உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். அலமாரி கடல் பார்த்த சுவரை ஒட்டி நிற்க வேண்டாம். சுவருக்கும் அதற்கும் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். வேப்பிலையும் வசம்பும் வைப்பதற்கு நான் எதிரி அல்லன், ஆனால் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், பக்கங்களுக்குள் செருகினால் கறை விழும். குழந்தை தினமும் எடுக்கும் நூல்களுக்கு அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

பதில் 5: கீழக்கரை வாசகி

ஜட்காக்காரர் மகன் அவர்கள் எழுதியதை என் வாப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் இன்றைக்கும் தாமாகத் திரிகின்றன என்பதைச் சொல்லச் சொன்னார்கள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை அவை. பாம்பன் ஐயாவின் பேத்தி அசட்டீக்கைத் தேட வேண்டியதில்லை. கச்சத்தீவுக்கு அப்பால், அதே கடலில், உப்புப் புல் மேயும் குதிரைகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் கோடியக்கரைச் சரணாலயத்திலும் உண்டு, அங்கே பேருந்திலேயே போய்விடலாம்.

விட்டுப்போன ஒன்று: மட்டக்குதிரை என்பது குட்டிக் குதிரை அல்ல என்பதைப் பேத்திக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குதிரையின் உயரத்தைக் 'கை' என்ற அளவால் அளப்பார்கள். ஒரு கை 4 அங்குலம். முதுகின் மேட்டில் 14 கை 2 அங்குலம், அதாவது ஏறக்குறைய 147 சென்டிமீட்டர் வரை உள்ளவற்றை மட்டக்குதிரை என்கிறார்கள். சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டுங்கள்.

கடல் கதை வேண்டுமென்றால் மோனிகா எட்வர்ட்ஸின் நூல்களையும் தேடுங்கள். அவருடைய தந்தை இங்கிலாந்தில் ரை ஹார்பர் என்ற கடலோர ஊரில் பாதிரியாராக இருந்தவர். 1928 நவம்பர் 15 அன்று அவ்வூர் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து, அதில் சென்ற 17 பேரும் இறந்தார்கள். 1953இல் வந்த 'ஸ்டார்ம் அஹெட்' அந்த நிகழ்வை அடியொற்றியது. பத்து வயதுக்குச் சற்றுக் கனமானது, பன்னிரண்டில் கொடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பாம்பன் தாத்தா

அனைவருக்கும் நன்றி. 23 நூல்களும் இரண்டு தவணைகளாக ஃப்ரீசருக்குள் போய்வந்துவிட்டன; அந்த இரண்டு வாரமும் மீன் அன்றன்றைக்கே குழம்பானதில் வீட்டில் யாருக்கும் குறையில்லை. பெட்டியில் மிஸ்டி இருந்தது, மேலுறை இல்லாமல், ஆனால் டென்னிஸின் படங்கள் முழுமையாக. குதிரைகள் கால்வாயில் இறங்கும் இடத்தை வாசித்தபோது, "நீவாடு எந்தப் பக்கம் தாத்தா?" என்று, கடல் நீரோட்டத்தைத்தான் பேத்தி கேட்டாள். கதையில் அது இல்லை என்றேன். "அப்ப நல்லா எழுதல" என்று சொல்லிவிட்டாள். அடுத்த பக்கத்தில் நீரோட்டம் ஓய்ந்த செய்தி வந்ததும் தீர்ப்பை மாற்றிக்கொண்டாள்.

தொண்டி நண்பருக்கு: அவள் நரி பரியான கதையையும் கேட்டாள். லாயத்தில் நரிகளுக்கு அன்றிரவு என்ன போட்டிருப்பார்கள் என்பது அவளுடைய கேள்வி. புல்லும் கொள்ளும்தான் போட்டிருப்பார்கள், பசியில்தான் ஊளையிட்டிருக்கும் என்று அவளே முடிவும் செய்துகொண்டாள். இதற்கு விடை உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரை அம்மாவுக்கு: 'ஜில்ஸ் ஜிம்கானா' பெட்டியில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று பரிசுச் சீட்டோடு உள்ளது, அதை வைத்துக்கொள்கிறோம். மற்றதை அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பக்கம் வரும் என் மருமகனிடம், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓலைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.